நஞ்சு ஒன்றா, இரண்டா?

போடிநாயக்கனூரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏலக்காய் மணத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நான் போய் உட்கார்ந்த இடத்தில் டெட்டால்தான் மணந்தது. பஜாரை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் ஸ்கேன் சென்டர். காலை பத்து மணிக்கே பெஞ்சு நிறைந்து, மிச்சப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். “குடி குடின்னு சொல்லிட்டு உள்ள விட மாட்டேங்குறாகக்கா” என்று பக்கத்திலிருந்த பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். சுவரில் சட்டப்படி மாட்ட வேண்டிய பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படுவதில்லை.

ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போட்டுக்கொண்டு வளரும் இரட்டைக் குழந்தைகளைப் பற்றி எழுத வந்திருந்தேன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். நிபுணர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கர்ப்பத்துக்கு முதல் வைத்தியமே நாள் தவறாமல் பார்ப்பதுதான். நாலாம் மாதக் கடைசியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை வயிற்றுக்குள் ஸ்கேன் போட்டுப் பார்த்தாக வேண்டும். விடியும் முன்னே ஜீப் ஏறி, மாநில எல்லை தாண்டிக் கூலிக்குப் போகிற பெண்களுக்கு அது எப்படி நடக்கிறது? அதைப் பார்க்க போடிக்குத்தான் வர வேண்டும்.

உள்ளே படுத்திருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டு மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். பெண்ணுக்கு ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கும் வேலை. பன்னிரண்டாவது வாரம். கால்மாட்டில் மாமியார் நின்றிருந்தார். திரையில் கறுப்பாக இரண்டு வெளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உருவம். ஒன்று கையை ஆட்டியது. “ரெண்டு இருக்குத்தா” என்றார் மருத்துவர். மாமியார் வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மருமகள் பக்கம் திரும்பி, “ரெட்டைப் பழம் எதுவும் தின்னியாடி?” என்றார்.

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டைப் பிள்ளை என்பது நம் வீடுகளில் நெடுநாள் நம்பிக்கை. மருத்துவர் அதை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிவதற்குப் பழமும் காரணமில்லை, பரம்பரையும் பெரும்பாலும் காரணமில்லை. ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ நான்கு என்ற கணக்கில் உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறது. தாய்வழியில் வருவது, வயதோடு கூடுவது, கருத்தரிப்புச் சிகிச்சையால் பெருகுவது எல்லாம் பெரும்பாலும் இரண்டு முட்டைகளில் உண்டாகும் இரட்டையர். அவர்களுக்கு ஆளுக்கொரு நஞ்சுக்கொடி இருக்கும்.

ஒரே கருவில் வருகிறவர்களுக்குப் பிரிகிற நாள்தான் கணக்கு. மூன்று நாளுக்குள் பிரிந்தால் இவர்களுக்கும் ஆளுக்கொரு நஞ்சு. நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் என்றால் ஒரே நஞ்சு, தனித்தனிப் பனிக்குடம். அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். இரண்டு தொப்புள்கொடிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். பதிமூன்றாம் நாளைத் தாண்டிப் பிரிந்தால் உடல் ஒட்டிய குழந்தைகள். எல்லா இரட்டையரையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு ஜோடி அளவுக்கு ஒரே நஞ்சைப் பங்கு போடுகிறது.

மருத்துவர் கருவியை வயிற்றில் ஒரு பக்கமாகச் சாய்த்தார். இரண்டு வெளிகளுக்கும் நடுவே இழை போல ஒரு வெள்ளைக்கோடு. அது நஞ்சுக்கொடியில் போய்ச் சேரும் முனையைப் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டு நஞ்சு இருந்தால் அந்த முனையில் முக்கோணமாகச் சதை மேலேறி நிற்கும். கிரேக்க எழுத்தின் பெயரால் லாம்டா என்கிறார்கள். ஒரே நஞ்சு என்றால் மெல்லிய சவ்வு நேராக வந்து செங்குத்தாக முட்டும், டி எழுத்தைப் போல. இந்தத் திரையில் இருந்தது டி.

“ரெட்டைன்னு சொன்னதும் எல்லாரும் ஆணா பொண்ணான்னு கண்ணாலயே கேப்பாங்க. நஞ்சு ஒண்ணா ரெண்டான்னு யாரும் கேக்கறதில்ல” என்றார் மருத்துவர், ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்துகொண்டே. அந்த முக்கோணம் பதினான்கு வாரத்துக்குப் பிறகு தேய ஆரம்பிக்கும். இருபதாவது வாரத்தில் வந்தால், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வளர்ந்த இரண்டு நஞ்சும் ஒன்று மாதிரியே தெரியும். அப்போது உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

வெளிநாட்டு மருத்துவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு வழி உண்டு. குழந்தைகளில் ஒன்று ஆண், மற்றது பெண் என்று தெரிந்தால், இரண்டு நஞ்சு என்று முடிவு செய்துவிடலாம். ஒரே கருவில் பிரிந்தவர்கள் ஒரே பாலாகத்தான் இருப்பார்கள். நம் ஊரில் அதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது, வாயாலும் சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தடுக்க வேண்டிய காரணமும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையால் நாடு முழுக்கப் பேர் கெட்ட உசிலம்பட்டி, தேனியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில்தான் இருக்கிறது. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே மூன்றாம் மாத ஸ்கேனைத் தவறவிட்டால் மற்ற நாடுகளை விட இங்கே இழப்பு கொஞ்சம் கூடுதல். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாதத்துக்குள் ஸ்கேன் போட இன்னொரு காரணம் இருக்கிறது என்கிறேன்.

வெளியே வந்த மாமியாருக்கு, ஒரே நஞ்சு என்றால் என்ன பயம் என்று விளங்கவில்லை. “தாயும் ஒண்ணு, நஞ்சும் ஒண்ணு, ஒத்துமையா வளரட்டுமே” என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் கிணற்றுப் பங்கு தெரியாதவர்கள் கிடையாது. ஒரு கிணறு, இரண்டு பங்காளிகள், முறை வைத்து மோட்டார் போடுகிறார்கள். மண்ணுக்கடியில் இரண்டு பேர் குழாயும் எங்கோ இணைந்திருந்தால் இவர் எடுத்த தண்ணீர் அவர் காட்டுக்குப் பாயும். அங்கிருந்து அதே அளவு திரும்பி வந்தால் சண்டையில்லை. வராமல் போனால் ஒரு காடு காய்கிறது, இன்னொரு காடு அழுகுகிறது. கிழவி உடனே பிடித்துக்கொண்டார்: “அப்ப ரெண்டு காடும் போச்சா?”

ஆமாம், ரெண்டும்தான். ஒரே நஞ்சைப் பங்கு போடும் ஏறத்தாழ எல்லா இரட்டையருக்கும் நஞ்சுக்குள் ரத்தக்குழாய் இணைப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃப்ரீட்ரிக் ஷாட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார். தமனிக்கும் தமனிக்கும் உள்ள இணைப்பில் ரத்தம் இரு பக்கமும் போய் வரும். தமனியிலிருந்து சிரைக்குப் போகும் இணைப்பு ஒருவழிப் பாதை. இந்தச் சமநிலை குலைவது நூற்றில் பத்து முதல் பதினைந்து கர்ப்பங்களில் நடக்கிறது. டி.டி.டி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் ரத்தப் பரிமாற்ற நோய் இதுதான்.

கொடுக்கிற பிள்ளைக்கு ரத்தம் குறைந்து சிறுநீர் சுரப்பது நின்றுபோகிறது. கருவில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது வற்றியதும் சவ்வு அந்தப் பிள்ளையின் மேல் படிந்து, கருப்பைச் சுவரோடு அழுத்திவிடும். வாங்குகிற பிள்ளை ஓயாமல் சிறுநீர் கழித்து நீரைப் பெருக்குகிறது. கூடுதல் ரத்தத்தை இறைத்து இறைத்து அதன் இதயம் களைக்கிறது. ஸ்கேனில் ஒரு பக்கம் நீரின் ஆழம் 2 செ.மீ.க்குக் கீழே, மறுபக்கம் 8 செ.மீ.க்கு மேலே என்றால் நோய் உறுதி. கொடுக்கிற பிள்ளையின் சிறுநீர்ப்பை தெரியாமல் போனால் இரண்டாம் நிலை. ரத்த ஓட்டம் கெட்டால் மூன்று, உடல் நீர் கோத்தால் நான்கு, ஒன்று இறந்தால் ஐந்து. ரூபன் கின்டெரோ 1999இல் வகுத்த படிநிலை இது. ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவ இந்த நோய்க்குச் சில சமயம் சில நாட்கள் போதும். பதினைந்து நாள் கணக்கு வந்தது அதனால்தான். கடுமையான நோயைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளும் தங்குவதில்லை.

“ஒண்ணு போனாலும் ஒண்ணு மிஞ்சுமே” என்று பலர் நினைப்பதாக மருத்துவர் சொன்னார். தனித்தனி நஞ்சு என்றால் அந்த நினைப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரே நஞ்சில் அப்படியில்லை. ஒரு குழந்தையின் இதயம் நின்றதும், உயிரோடிருக்கும் குழந்தையின் ரத்தம் இணைப்புகள் வழியே இறந்த உடலுக்குள் இறங்குகிறது. பாதிக் கர்ப்பம் தாண்டிய பிறகு இப்படி நடந்தால் மற்றதும் இறக்க ஏறத்தாழ 15 சதவீத வாய்ப்பு. பிழைத்தவற்றிலும் நான்கில் ஒன்றுக்கு மூளை பாதிக்கப்படுகிறது. ஒன்று போனது தெரிந்ததும் மற்றதை அவசரமாக வெளியே எடுத்தாலும், நடந்த சேதத்தை அது மாற்றுவதில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள். மலையடிவாரத்து நிலையம் ஒன்றில் கிராம சுகாதாரச் செவிலியரோடு உட்கார்ந்திருந்தேன். எடை, பிரஷர், இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை பதினெட்டாயிரம் ரூபாயில் எந்தத் தவணை வந்தது, எது வரவில்லை என்ற விசாரிப்பு. வேலை ஓடிக்கொண்டே இருந்தது. இரட்டைக் கர்ப்பம் எல்லாமே ‘ஹை ரிஸ்க்’ பட்டியலில் ஏறிவிடும். இந்தச் செவிலியர் தன் சொந்த நோட்டில் இன்னொன்றும் செய்து வைத்திருந்தார். இரட்டை என்று எழுதிய ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ‘நஞ்சு 1’ அல்லது ‘நஞ்சு 2’. சில பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

“கேள்விக்குறி போட்டவங்க எல்லாம் லேட்டா வந்தவங்க. அவங்களையும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் பாக்கச் சொல்லி அனுப்புறேன்” என்றார். மருத்துவ வழிகாட்டிகளும் அதையேதான் சொல்கின்றன. சந்தேகம் தீராவிட்டால் ஒரே நஞ்சாக வைத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு நஞ்சு என்றால் நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். ஒன்று என்றால் பதினாறாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒற்றைப் பிள்ளைக்காரி மூன்று, நான்கு ஸ்கேனில் கரையேறுகிறபோது இவள் பத்துக்கு மேல் போட வேண்டும்.

அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்ன ஒரு விஷயத்தை எந்த மருத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. “இங்க பொண்ணுக ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சுத்தான் அம்மா வீட்டுக்கு எறங்கி வரும். அதுக்கப்புறம் எங்க கண்ணுக்குள்ளயே வச்சுக்கிடுவோம். அதுக்கு முன்னாடி இருக்குற மூணு மாசம் மலையில. அந்த மூணு மாசம்தான் எனக்குத் தூக்கம் வராது.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரத்தப் பரிமாற்ற நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதினாறாம் வாரத்துக்கும் இருபத்தாறாம் வாரத்துக்கும் இடையில். நாலாம் மாதக் கடைசியிலிருந்து ஆறாம் மாதம் வரை. மசக்கை அடங்கி, உடம்பு தேறி, பெண் மறுபடி கூலிக்குக் கிளம்புகிற மாதங்கள் அவை. வீட்டார் கவலைப்படுவது முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும்தான். நடுவில் இருப்பதை ‘நல்ல மாசம்’ என்கிறார்கள். ஒரு நஞ்சு சுமக்கிற பெண்ணுக்கு அதுதான் கெட்ட மாசம்.

மலைக்குப் போனேன். போடியிலிருந்து முந்தல் சோதனைச்சாவடி தாண்டினால் சாலை கொண்டை ஊசி கொண்டை ஊசியாக ஏறுகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இது. போடிமெட்டில் தமிழ்நாடு முடிகிறது. பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி எல்லாம் இடுக்கி மாவட்டம். காலையில் ஏறும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், கம்பியைப் பிடித்துப் பின்னால் தொங்குகிறவர்களும் உண்டு. சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார்கள். ஏலக்காயை நின்றுகொண்டு பறிக்க முடியாது. செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் அடித்தூரில், தரையோடு ஓடும் சரத்தில்தான் காய்க்கும். குந்தியோ குனிந்தோ பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். ஆறாம் மாத வயிற்றோடு குந்திப் பாருங்கள், இல்லையென்றால் குந்தினவர்களைக் கேளுங்கள்.

ஜீப் குலுங்குவதால் இரட்டைப் பிள்ளைக்கு ரத்தம் மாறிப் பாயுமா என்று டிரைவரே கேட்டார். அவர் தங்கைக்கு அப்படி ஒரு பேச்சு வந்ததாம். பாயாது. அது நஞ்சுக்குள் நடக்கிற விவகாரம். குலுக்கலும் காரணமில்லை, படுத்தே கிடந்தாலும் தீராது. பாரம் ஏற்றிய ஜீப்பில் கர்ப்பிணி போகக் கூடாது என்பதற்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

பூப்பாறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் ஐந்தாம் மாதக்காரி ஒருவரைப் பார்த்தேன். தேவாரத்துப் பெண், வாக்கப்பட்டது இங்கே. தகரக் கூரை, மூங்கில் தட்டியால் தடுத்த அடுப்படி. அவரிடம் மலையாளத்தில் அச்சடித்த அட்டை ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். முதல் ஸ்கேன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது போட்டது. ‘எம்.சி.டி.ஏ.’ என்று இருந்தது: ஒரு நஞ்சு, இரண்டு பனிக்குடம்.

“மூணு வாரத்துக்கு முன்ன திடீர்னு வயிறு கல்லு மாதிரி இறுகுச்சுக்கா. மூச்சு விட முடியல, படுக்க முடியல. எல்லாரும் ரெட்டைப் புள்ளைன்னா அப்படித்தான், பெருசாத்தான் இருக்கும்னாக. கங்காணி பொஞ்சாதி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, புள்ளைக நல்லா ஊக்கமா வளருதுன்னு சொல்லுச்சு.” நல்லவேளையாக அடுத்த ஸ்கேன் மூன்றாம் நாளே வந்தது. நீர் ஒரு பக்கம் கொஞ்சம் கூடியிருந்தாலும் ஆபத்தான எல்லையைத் தொடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே நஞ்சு இரட்டையரைச் சுமப்பவளுக்கு ஒரு வாரத்துக்குள் வயிறு பெருத்து இறுகுவது, மூச்சு வாங்குவது இரண்டும் இந்த நோயின் வெளியே தெரிகிற அறிகுறிகள். அதைத்தான் ஊரே சேர்ந்து நல்ல சகுனமாக வாழ்த்துகிறது. அறிகுறியே இல்லாமல் நோய் வருவதும் உண்டு என்பதால் வயிற்றை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

ஸ்கேனுக்கு எந்தப் பக்கம் போவது என்பது லயத்தில் தினப் பேச்சு. இந்தப் பக்கம் நெடுங்கண்டம், அந்தப் பக்கம் அடிமாலி, கீழே போடி. எங்கே போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். கூட வருகிற கணவருக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி. மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபட்டால் போக்கும் இல்லை. காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பதினைந்து நாளைக்கொரு விடுப்பு கேட்டால் மேஸ்திரி முகம் சுளிப்பார். “ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு யாரும் சொல்லலக்கா. போனா அடுத்த நாள் வேலைக்கு வேற ஆள் நிக்கும்” என்றார் அவர். இதற்கு மேல் அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நோய் வந்துவிட்டால் எங்கே போவது? மதுரையில் கரு மருத்துவ நிபுணர் ஒருவரிடம் இதைக் கேட்டுக்கொண்டேன். ஒரு காலத்தில் நீர் பெருகிய பக்கத்தில் ஊசி போட்டு வடித்துவிடுவதுதான் வைத்தியம். இறுக்கம் குறையும், காரணம் அப்படியே இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா 1988இல் கருப்பைக்குள் குழாய்க் கருவியைச் செலுத்தி, நஞ்சின் மேற்பரப்பில் ஓடும் இணைப்புக் குழாய்களை லேசரால் சுட்டு அடைத்தார். பலர் நம்பவில்லை. ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2004இல் வெளிவந்தபோதுதான் வாதம் முடிந்தது. குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து நான்கு வாரம் உயிரோடிருந்தது லேசர் செய்தவர்களில் 76 சதவீதம், நீர் வடித்தவர்களில் 56 சதவீதம். இன்று கைதேர்ந்த மையங்களில் இது இன்னும் மேம்பட்டிருக்கிறது. இணைப்புகளைத் தனித்தனியாகச் சுட்ட பிறகு, நஞ்சின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கோடாக ஒருமுறை சுட்டுவிடும் முறையும் வந்துவிட்டது. சின்ன இணைப்பு எதுவும் விடுபடாமல் இருக்க அது.

கருவி சில மில்லிமீட்டர் பருமன்தான். தாயின் வயிற்றில் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். ஆனால் இதைச் செய்கிற கைகள் கொஞ்சம். சென்னையில் மெடிஸ்கேன் போன்ற கரு மருத்துவ மையங்கள், பெங்களூரில் சில, கொச்சியில் சில. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பூப்பாறைக்காரிக்குக் கொச்சிதான் பக்கம். போடியிலிருந்தே மூணாறு வழியாக 200 கி.மீ. அளவுதான், பெரும்பகுதி மலைப்பாதை. சென்னை 500 கி.மீ.க்கு மேல், ஆனால் ராத்திரி ரயில் இருக்கிறது. ஏலக்காய் ஏற்ற 1928இல் வந்த போடி ரயில், அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நின்று, 2023 ஜூன் 15இல்தான் திரும்பி வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறது. நோயாளிக்கு மற்ற நாலு நாள் என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்டேன். “மதுரைக்கு வந்துட்டா தினமும் ரயில் உண்டு. முடிவெடுக்கத்தான் இவங்களுக்கு ரெண்டு நாள் ஆகுது. தெரியாத ஊர், தெரியாத ஆபரேஷன், கேரண்டி இருக்கான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லணும்” என்றார். லேசர் முடிந்த பிறகும் பனிக்குடம் முன்கூட்டி உடையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், ஒன்று தங்காமலும் போகலாம். ஆகவே மூன்றாம் மாதத்திலேயே, நோய் வராதபோதே, ‘வந்தால் எங்கே போவீர்கள்’ என்று குடும்பத்தோடு பேசி வைத்துவிடுவது அவர் வழக்கம்.

ஒரே நஞ்சின் தொல்லை இந்த ஒரு நோயோடு நிற்பதில்லை. நஞ்சில் ஒரு பிள்ளைக்குப் பெரும்பங்கும் மற்றதற்குக் கைப்பிடி அளவும் கிடைத்தால் சிறியது வளராமல் நின்றுவிடும்; இருவர் எடைக்கும் இடையே கால் பங்கு வித்தியாசம் வந்தால் எச்சரிக்கை. ஒரே பனிக்குடத்தில் இருக்கும் அரிய வகையில் கொடிகள் முறுக்கிக்கொள்ளும் பயத்தால் 32 முதல் 34 வாரத்துக்குள் அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று நீர் அளவில் மாற்றமே காட்டாமல், மயிரிழை இணைப்புகள் வழியே மெல்லக் கசிந்து ஒரு பிள்ளையைச் சோகையாக்கி மற்றதன் ரத்தத்தைக் கெட்டியாக்கும். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து மருத்துவர்கள் 2006இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தால்தான் தெரியும். இருபதாம் வாரத்துக்குப் பிறகு ‘டாப்ளரும் பார்த்தாச்சா’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவும் எழுதியதால் ஒரே நஞ்சு என்றாலே கேடு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஜோடிகள் இந்த இணைப்புகளோடே சமாளித்து வளர்ந்துவிடுகின்றன. சிக்கல் இல்லாதவர்களை 36, 37 வாரத்தில் பிரசவிக்க வைக்கிறார்கள். அதற்கு மேல் காத்திருப்பது நல்லதில்லை.

அப்படி முப்பத்தாறு வாரம் ஓட்டிய ஒரு குடும்பத்தைத்தான் கடைசியாகப் பார்த்தேன். ஆண்டிபட்டி போகிற வழியில், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரசவ வார்டு தாழ்வாரத்தில் சிலமலைக்காரப் பாட்டி ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். காலையில் பேத்திக்கு அறுவை செய்து இரண்டு ஆண் பிள்ளைகளை எடுத்திருந்தார்கள். ஒன்று ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்று ஒண்ணே முக்கால். பேத்தி சாந்தம்பாறைப் பக்கம் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை பார்த்தவர். பதினாறாம் வாரத்திலேயே அவரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து சிலமலையில் வைத்துக்கொண்டார் பாட்டி. வளைகாப்பு போடாமல் பெண்ணைக் கூட்டி வருவதா என்று சம்பந்தி வீட்டில் சண்டை. “சண்டையப் பாத்தா முடியுமா? நர்ஸம்மா சிவப்புல எழுதிட்டாளே” என்றார். வளையலை ஏழாம் மாதம் சிலமலையிலேயே போட்டார்களாம். சம்பந்தி வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிற்பகலில் ஒரு செவிலியர் வந்து, இரண்டு குழந்தைக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் கொடுத்திருக்கிறோம், பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன, பால் குடிக்கின்றன என்றார். ஒரே நஞ்சில் பிறந்தவர்களுக்கு நிறத்தைப் பார்த்து ஊகிப்பதோடு விடாமல் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பாட்டிக்கு வேறு கேள்வி இருந்தது. நஞ்சு எங்கே? வீட்டுக்குக் கொண்டு போய்த் தென்னங்கன்று பக்கத்தில் புதைக்க வேண்டும். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்தார்.

“டாக்டர் பாக்கறதுக்கு வச்சிருக்காங்க பாட்டி. சவ்வ விரிச்சு, ஒண்ணா ரெண்டான்னு கடைசியா ஒரு தடவை பாத்து எழுதணும்.”

“பாத்துட்டுக் குடு.”

“குடுக்க முடியாது. மஞ்சப் பையில போட்டு எரிக்க அனுப்பிருவோம். அதான் ரூல்ஸ்.”

பாட்டி விடவில்லை. இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக இருந்திருந்தால் ஒன்றை ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு ஒன்றைத் தரலாமே, இருப்பது ஒன்று, அதையும் எரிப்பதா என்று வாதம் நீண்டது. செவிலியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தைகளுக்குப் போர்த்த இன்னும் இரண்டு பழைய வேட்டி வேண்டும், துவைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள் என்று பேச்சை மாற்றினார். பாட்டி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டே பேத்தி புருஷனைத் தேடி எழுந்து போனார்.